பிள்ளையின் வயிற்றுக்குத்து அழுகை: ஓமத்தண்ணியா, பாமசித் துளியா, ஏணையா?

"ஓமத்தண்ணி குடு என்று மாமி நிற்கிறா. பாமசியில் ஒரு சின்னப் போத்தல் தந்துவிட்டார்கள். கிளினிக்கில் மிட்வைப், தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் வேண்டாம் என்கிறா. நான் யார் சொல்லைக் கேட்க?" வன்னியில் கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் என்று எங்கிருந்து கேட்டாலும், கைக்குழந்தை உள்ள வீட்டுக் கேள்வி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. மூன்று பேரும் பிள்ளையின் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றையும் ஒன்றாகச் செய்ய முடியாது.

இது வயிற்றுக்குத்துத்தானா?

நல்லாய்ப் பால் குடிக்கிற, நிறை கூடுகிற பிள்ளை, காரணமே தெரியாமல் வீரிட்டு அழும். பெரும்பாலும் பொழுதுபட்ட பிறகு தொடங்கும். முகம் சிவக்கும், கை பொத்தும், கால் வயிற்றோடு மடங்கும். ஒரு நாளில் 3 மணித்தியாலத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது வயிற்றுக்குத்து என்று 1954இல் அமெரிக்க வைத்தியர் வெசலும் உடனிருந்தவர்களும் ஒரு கணக்குச் சொன்னார்கள். வயிறு, குடல் கோளாறுகளை இனங்காண வைத்தியர்கள் வைத்திருக்கிற ரோம் அளவுகோல், 2016இல் வந்த பதிப்பில் அந்த மணிக்கணக்கைக் கைவிட்டது. 5 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை, காய்ச்சலோ வேறு நோயோ இல்லாமல், வளர்ச்சியும் குறையாமல், ஆற்ற முடியாதபடி அடிக்கடி நெடுநேரம் அழுதால் போதும். ஐந்து பிள்ளைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. ஆண், பெண் வேறுபாடு இல்லை. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கும் வரும், பால்மா குடிக்கிற பிள்ளைக்கும் வரும்.

காரணம் இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. காற்று அடைத்துத்தான் அழுகிறது என்று நாம் எல்லாரும் நம்புகிறோம். ஆனால் பல நேரம் நடப்பது மறுபக்கம்: அழும்போது பிள்ளை காற்றை விழுங்குகிறது, அதனால் வயிறு பொருமுகிறது.

நாட்கணக்குத்தான் இதில் முக்கியம். அழுகை இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தொடங்கி, 6ஆம் வாரமளவில் உச்சத்துக்குப் போய், 3 அல்லது 4 மாதத்தில் தானாகவே அடங்கும். எங்கள் வீடுகளில் 31ஆம் நாள் துடக்குக் கழிவு அந்த ஏற்றத்தின் நடுவில் வந்து விழுகிறது. சனம் வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிப் போகும், இரவு பிள்ளை கூடுதலாக அழும், "நாவூறு பட்டிட்டுது" என்று பேச்சு வரும். 2 மாதத்தில் தடுப்பூசி போட்டால் பழி ஊசிக்குப் போகும். அதற்குள் வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்லியிருப்பார்கள். உச்சம் தாண்டி அழுகை குறையும்போது எதைக் கடைசியாகக் கொடுத்தோமோ, அதற்கே பேர் கிடைக்கும். "என்ர மூன்று பிள்ளைக்கும் இதுதான் கேட்டது" என்று அம்மம்மா சொல்வது பொய்யல்ல. அந்த மருந்து கொடுக்காமல் விட்டிருந்தாலும் அடங்கியிருக்குமா என்று பார்க்கத்தான் யாருக்கும் வாய்ப்பு இருக்கவில்லை.

ஆகவே நான் "எது கேட்கும்?" என்று தொடங்கமாட்டேன். அழுகை தானாக அடங்கும்வரை எது பிள்ளைக்கும் தாய்க்கும் கெடுதல் செய்யாமல் கொண்டுபோகும் என்பதுதான் என் கேள்வி.

ஒப்பிட முன்னர்: இவை இருந்தால் வீட்டில் நிற்க வேண்டாம்

3 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், வயிறு கல்லுப்போல இறுகி வீங்குதல், கவட்டில் கட்டியாகப் புடைத்தல், மூச்சுத் திணறல். இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வயிற்றுக்குத்துக் கணக்கில் வராது. 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள், அல்லது கிடைக்கிற வாகனத்தில் வைத்தியசாலைக்குப் போங்கள்.

இன்னொன்று. பிள்ளையின் உடுப்பைக் கழற்றி உடம்பு முழுக்க ஒருமுறை பாருங்கள். தாயின் தலைமுடி ஒன்று கால் விரலிலோ ஆண்குறியிலோ சுற்றி இறுகியிருக்கக்கூடும். பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டுகிற காலம் அல்லவா. எறும்புக் கடியும் அப்படியே, தகரக் கொட்டில் வீடுகளில் புழுக்கமும் அப்படியே.

எதை வைத்து ஒப்பிடுவது?

நான் பார்ப்பது நான்கு. பிள்ளைக்கு ஆபத்து உண்டா? தாய்ப்பாலைக் குறைக்குமா? ஆய்வில் பலன் தெரிந்ததா? காசு, பயணம், நித்திரை என்று எவ்வளவு போகும்? இரவு பத்து மணிக்குத் துணுக்காயில் ஓர் உள்வீதி வீட்டில் செய்ய முடியாத வழி, எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த இரவுக்கு உதவாது என்பதையும் நாலாவதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

| வழி | ஆபத்து | தாய்ப்பாலுக்கு இடைஞ்சல் | ஆய்வில் பலன் | செலவு |
|---|---|---|---|---|
| ஓமத்தண்ணி, வசம்பு, கசாயம் | உண்டு | உண்டு | நிரூபணம் இல்லை | குறைவு |
| கிரைப் வோட்டர் | சிறிதளவு | சிறிதளவு | நிரூபணம் இல்லை | நடுத்தரம் |
| சிமெத்திக்கோன் துளி | மிகக் குறைவு | இல்லை | மருந்தில்லாத வெறும் துளியை விட மேல் அல்ல | நடுத்தரம் |
| நன்மை பக்டீரியாத் துளி | மிகக் குறைவு | இல்லை | தாய்ப்பால் பிள்ளைக்கு ஓரளவு உண்டு | கூட |
| தாய் பாலுணவு நிறுத்துதல் | தாய்க்குச் சத்துக் குறையலாம் | இல்லை | ஒவ்வாமை இருந்தால் மட்டும் | மறைவாகக் கூட |
| பால்மா மாற்றுதல் | உண்டு | பெரிதாக உண்டு | ஒவ்வாமை இருந்தால் மட்டும் | மிகக் கூட |
| தூக்கி நடத்தல், ஏணை | கவனமாக இருந்தால் இல்லை | இல்லை | அந்த நேரத்துக்கு உண்டு | காசு இல்லை, களைப்பு உண்டு |

ஓமத்தண்ணி, வசம்பு, கசாயம்

வீட்டில் இருக்கிற பொருள், உடனே செய்யலாம், அம்மம்மாவுக்கும் மனம் ஆறும். இதன் பலம் அவ்வளவும்தான்.

மறைந்திருக்கிற செலவு பிள்ளையின் வயிற்றில். ஒரு மாதப் பிள்ளை ஒரு வேளைக்குக் குடிப்பது சிறிய அளவு. அதற்கு முன் இரண்டு தேக்கரண்டி ஓமத்தண்ணி போனால் அந்த அளவுக்குப் பால் குறையும். பிள்ளை குறைத்து உறிஞ்சினால் தாய்க்குச் சுரப்பதும் குறையும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று கிளினிக்கில் சொல்வதன் காரணம் இதுவும்தான், தண்ணீரோடும் கரண்டியோடும் உள்ளே போகிற கிருமியும்தான். மாரி வெள்ளம் கிணற்றில் கலந்த நாட்களை நினைத்துப் பாருங்கள்.

வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதை நான் தெளிவாகவே வேண்டாம் என்பேன். அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் நஞ்சுத்தன்மை உள்ளது என்று 1968இலேயே அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. பரியாரியார் தந்தாலும் ஒரு மாதப் பிள்ளைக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்று அளக்க வழியில்லை. தேன் குழைத்துத் தருவது இன்னும் மோசம். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற, உடம்பைச் செயலிழக்கச் செய்கிற நோய் வரலாம்.

அம்மம்மாவின் கைப்பக்குவத்தை முழுவதும் தள்ள வேண்டியதில்லை. ஓமத்தண்ணியைத் தாய் குடிக்கட்டும். வீட்டுச் சமாதானமும் குலையாது, பிள்ளையின் வயிற்றிலும் ஒன்றும் போகாது. வெற்றிலையை வாட்டி வயிற்றில் வைப்பதென்றால் முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டுப் புண்ணாகிற பிள்ளைகள் உண்டு. மூக்கில், காதில் எண்ணெய் விடுவது எந்தக் கணக்கிலும் வேண்டாம்.

கிரைப் வோட்டர்

இதை "இங்கிலீஷ் மருந்து" என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு அதன் கதை தெரிந்திருந்தால் நல்லது. 1851இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் வில்லியம் வுட்வேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சீனி, அற்ககோல் சேர்த்துச் செய்தது அது. பிள்ளை அடங்கியதில் அற்ககோலுக்கும் பங்கு இருந்திருக்கும். பிரித்தானியாவில் 1992இல்தான் அற்ககோல் நீக்கப்பட்டது. இப்போது கடைகளில் வருபவை பல கம்பனிகளின் பல கலவைகள். போத்தலில் எழுதியதைப் படியுங்கள், அற்ககோல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கொடுத்த கையோடு பிள்ளை அழுகையை நிறுத்துவது உண்மைதான். இனிப்பு நாக்கில் பட்டால் சிறு பிள்ளைகள் சில நிமிடம் அமைதியாவது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அந்தச் சில நிமிடத்துக்காக ஒரு நாளில் பல முறை ஊற்றத் தொடங்குவதுதான் இதன் வில்லங்கம். திறந்த போத்தல் வெக்கையில் கிடந்தால் பழுதாவதும் உண்டு.

இதைத் தேர்வு செய்ய நியாயமான நிலைமை ஒன்று இருக்கிறதா என்று யோசித்தேன். ஓமத்தண்ணி கட்டாயம் என்று நிற்கிற வீட்டில், வீட்டுத் தண்ணியை விட மூடிய போத்தல் மேல். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

சிமெத்திக்கோன் துளி

பாமசியில் "காற்றுக்கு" என்று தருவது பெரும்பாலும் இதுதான். வயிற்றில் உள்ள சிறு குமிழிகளை ஒன்றாக்கி வெளியேற உதவும். இரத்தத்தில் கலப்பதில்லை, அதனால் கெடுதலும் மிகக் குறைவு. தைரொயிட் மருந்து எடுக்கிற பிள்ளையென்றால் மட்டும் வைத்தியரிடம் கேளுங்கள், அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம்.

பலன்? 1994இல் அமெரிக்காவில் 83 பிள்ளைகளுக்கு இதையும், மருந்தே இல்லாத வெறும் துளியையும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தார்கள். சிமெத்திக்கோனுக்கு மட்டும் குறைந்தவர்கள் 28 சதவீதம், வெறும் துளிக்கு மட்டும் குறைந்தவர்கள் 37 சதவீதம். மேலே சொன்ன "கடைசியாகக் கொடுத்ததற்குப் பேர்" என்பது இதில் அப்படியே தெரிகிறது.

கெடுதல் இல்லாத ஒன்றை ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்பதில் பிழையில்லை. ஆனால் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். டைசைக்ளோமின் என்று எழுதியிருந்தால் அது வேறு மருந்து. 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மூச்சு நிற்கவும் வலிப்பு வரவும் காரணமாகியிருப்பதால் அந்த வயதில் கொடுக்கவே கூடாது. மூத்த பிள்ளைக்கு வாங்கி மிஞ்சியதைச் சின்னதுக்கு ஊற்றுவது இப்படித்தான் விபரீதமாகும்.

நன்மை பக்டீரியாத் துளி

லக்டோபசிலஸ் ரியூட்டெரி என்ற பக்டீரியா உள்ள துளிகள். துளி மருந்துகளில் ஆய்வு பக்கம் நிற்பது இதற்கு மட்டும்தான், அதுவும் நிபந்தனையோடு. 2018இல் 4 ஆய்வுகளின் 345 பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்ததில், தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகளுக்கு அழுகை குறைந்தது. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தால், துளி தொடங்கி 21ஆம் நாளில் அழுகை நேரத்தில் வித்தியாசம் ஏறத்தாழ 25 நிமிடம். பால்மா குடித்த பிள்ளைகளுக்குப் பலன் என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. 2014இல் அவுஸ்திரேலியாவில் தனியாக நடந்த ஆய்வு பலனே இல்லை என்றது.

இங்கே இதன் மறைந்த செலவு, வெயில். 25 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லும் துளி அது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், பங்குனி, சித்திரை வெக்கையில், போத்தலில் உயிரோடு எவ்வளவு மிஞ்சும்? வவுனியாவிலோ கிளிநொச்சி டவுனிலோ வாங்கி பஸ்ஸில் கொண்டுவருகிற நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை, வீட்டில் பிரிட்ஜ், கையில் காசு, வைத்தியரின் சொல் நாலும் இருந்தால் வாங்கலாம். குறைமாதப் பிள்ளைக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கும் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

தாயின் சாப்பாடும் பால்மாவும்

"நீ என்ன சாப்பிட்டனி?" என்று தாயைக் குறுக்குவிசாரணை செய்வதில் எங்களுக்கு அலாதிப் பிரியம். பருப்பு வேண்டாம், கிழங்கு வேண்டாம், கோவா வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தட்டில் இருந்து எடுத்து, கடைசியில் பெற்ற உடம்புக்குச் சோறும் சரக்குக் கறியும் மட்டும் மிஞ்சும். வயிற்றுக்குத்து உள்ள எல்லாப் பிள்ளைகளின் தாய்மாரும் பத்தியம் இருக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஒரு சிறு பகுதிப் பிள்ளைகளுக்கு மட்டும் பசும்பால் புரத ஒவ்வாமை இருக்கும். மலத்தில் சளி அல்லது இரத்தக்கீறு, தோலில் கரப்பன், ஓயாத வாந்தி, நிறை கூடாமை என்று வேறு அறிகுறியும் சேர்ந்து வரும். அப்படியென்றால் வைத்தியரிடம் காட்டி, 2 முதல் 4 வாரம் தாய் பாலுணவை முழுவதும் நிறுத்திப் பார்க்கலாம். முழுவதும் என்றால் பால்தேத்தண்ணி, தயிர், பட்டர் பிஸ்கட்டோடு கிளினிக்கில் தருகிற திரிபோஷாவும் அடக்கம், அதில் பால்மா சேர்கிறது. பசுப்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால் என்று மாற்றுவதில் பயனில்லை, புரதங்கள் ஒன்றுபோலவே இருக்கும். விட்ட சத்துக்கு நெத்தலி, முருங்கைக்கீரை, எள்ளு கூட்டுங்கள். குறையவில்லை என்றால் பழையபடி சாப்பிடத் தொடங்குங்கள்.

தாய்ப்பாலை நிறுத்திப் பால்மாவுக்கு மாறுவதுதான் இந்தப் பட்டியலிலேயே விலை கூடிய பிழை. பால்மா குடித்தாலும் வயிற்றுக்குத்து வரும். டின்னின் விலை, போத்தல் அவிக்கும் விறகு, தண்ணீர், வயிற்றோட்டம் எல்லாம் மேலதிகம். விட்ட தாய்ப்பாலைத் திரும்பக் கொண்டுவருவதும் இலகுவல்ல. ஏற்கெனவே பால்மா குடிக்கிற பிள்ளைக்கும் கடைக்குக் கடை வகை மாற்றிப் பார்க்க வேண்டாம். சோயாப் பால்மா 6 மாதத்துக்கு முன் வைத்தியர் சொன்னால் மட்டும்.

இந்தப் பகுதியில் காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒரு பக்க மார்பில் பிள்ளை தானாக விடும்வரை குடிக்கவிட்டு, அப்புறம் மற்றப் பக்கம் மாற்றுவது. வாய் வைத்திருக்கிற விதம் சரியா என்று மிட்வைப்பை வீட்டுக்கு வரும்போது பார்க்கச் சொல்லுங்கள். குடித்து முடிய நிமிர்த்தித் தோளில் போட்டு ஏவறை எடுக்கச் செய்யுங்கள்.

கை, தோள், ஏணை

மருந்துக் கணக்கில் யாரும் சேர்க்காத வழி, நான் முதலில் வைக்கிற வழி.

1986இல் மொன்றியலில், சாதாரணப் பிள்ளைகளை வழமையை விடக் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த வீடுகளில் 6ஆம் வாரத்தில் அழுகை 43 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வாளர்கள் 1991இல் வயிற்றுக்குத்து உள்ள பிள்ளைகளில் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் தூக்கி வைத்தால் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்து அழுகைக்குத்தான் உதவும். ஜப்பான் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட முறை எங்கள் திண்ணைக்கும் முற்றத்துக்கும் பொருந்தும்: நிறுத்தாமல் 5 நிமிடம் தூக்கிக்கொண்டு நடவுங்கள், பிள்ளை கண் மூடினால் உடனே கிடத்தாமல் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்து இருங்கள், பிறகு கிடத்துங்கள். கிடத்தின கையோடு பிள்ளை எழும்புகிற கதை இதில் பல நேரம் குறையும்.

ஏணை ஆட்டம் அழுகையைத் தணிக்கும், சந்தேகமில்லை. ஆனால் சீலை ஏணையில் பிள்ளை வளைந்து கிடக்கும்போது நாடி நெஞ்சோடு முட்டி மூச்சு அடைபடலாம். ஆட்டுகிறவர் பக்கத்தில் இருக்கும்வரை ஏணை, நித்திரையானதும் தட்டையான உறுதியான இடத்தில் மல்லாக்கக் கிடத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையில் கட்டிய கயிறு தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இறுக்கிச் சுற்றிக் கிடத்துவது குளிர் நாட்டுக்குச் சரி. இங்கே தகரக் கூரைக்குக் கீழே மெல்லிய துணிகூடச் சில நாள் கூடிப்போகும், சுற்றினாலும் இடுப்பும் காலும் அசையவேண்டும். வயிற்றில் எண்ணெய் பூசி மெதுவாகத் தடவுவதும் காலை மடக்கி நீட்டுவதும் பால் குடித்த உடனே அல்லாமல் செய்தால் நல்லது. இரவில் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஒரு சுற்றுப் போய்வருகிற தகப்பன்மாரும் இருக்கிறார்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானையைக் கேட்டுவிட்டுப் போகவும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இதன் செலவு ஆளின் உடம்பு. இரண்டு மணித்தியாலம் நடந்து, நித்திரையும் இல்லாமல், பிள்ளை காதுக்குள் வீரிட்டால் யாருக்கும் கோபம் வரும். அப்போது பிள்ளையைக் குலுக்கக் கூடாது. சில நொடிக் குலுக்கலில் மூளைக்குள் இரத்தம் கசியும், உயிரே போகலாம். பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, 10 நிமிடம் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். 10 நிமிட அழுகையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

நாவூறும் நூலும்

செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவதால் கெடுதல் இல்லை, புகை பிள்ளைக்குப் போகாமல் பார்த்தால் சரி. கழுத்தில் நூலோ வசம்பு மணியோ கட்டவேண்டாம், இறுகும், வாயில் போகும். காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பார்வை பார்க்கக் கொண்டுபோய் இரண்டு நாள் போக்கடிப்பதுதான் இதில் உண்மையான ஆபத்து.

எந்த வீட்டுக்கு எது?

மாமி, அம்மம்மா, சித்தி என்று கை நிறைய உள்ள வீடு: மருந்து வேண்டாம், முறை போட்டுத் தூக்குங்கள். மருந்து தர ஆசைப்படுகிறவரிடமே மாலை ஏழு மணி முறையைக் கொடுத்தால் இரண்டு பக்கமும் திருப்தி.

கணவர் வெளிநாட்டில், அல்லது இல்லை, தாய் தனிய என்றால் கணக்கு மாறும். அங்கே மாலையில் ஒரு மணித்தியாலம் பிள்ளையை வாங்கிக்கொள்ள அயலில் ஒரு ஆளைப் பிடிப்பது எந்தத் துளியை விடவும் மேல். ஏதாவது கொடுத்தால்தான் மனம் ஆறும் என்றால் சிமெத்திக்கோன் கொடுத்துப் பார்க்கலாம். தாய்க்கு அழுகை அழுகையாக வருகிறது, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, செத்தால் நல்லது என்று தோன்றுகிறது என்றால் அது குணமாக்கக்கூடிய நோய். மிட்வைப்பிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி எண் 1926 உண்டு.

மலத்தில் சளி, கரப்பன் உள்ள பிள்ளை: துளிகளில் நாள் போக்காமல் கிளினிக்குக்குப் போய்ப் பாலுணவு நிறுத்திப் பாருங்கள்.

எதைத் தொடங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடங்குங்கள், ஒரு வாரம் பாருங்கள். அழத் தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், நனைந்த துணி எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாளுக்கு 6 துணி நனைந்து, கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு ஏறிக்கொண்டு போனால் பால் போதும். 4 மாதம் தாண்டியும் அதே அழுகை இருந்தால், அல்லது இதுவரை அழாத பிள்ளை அந்த வயதில் புதிதாக வீரிடத் தொடங்கினால், அதை வயிற்றுக்குத்து என்று விடாமல் இரண்டு கொப்பியையும் எடுத்துக்கொண்டு குழந்தை வைத்தியரிடம் போங்கள்.